கூட்டுத்தொகை சரி, எண் தவறு

சென்ற ஆண்டு என் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தைத் தில்லியிலிருந்து நான் அனுப்ப வேண்டியிருந்தது. கல்லூரியின் வங்கிக் கணக்கு எண்ணை அப்பா தொலைபேசியில் வாசித்தார், நான் எழுதிக்கொண்டேன். அறிவியல் மாணவன் அல்லவா! “இலக்கங்களைக் கூட்டிச் சொல்லுங்கள், அப்பா” என்றேன். அவர் சொன்ன தொகையும் நான் கூட்டிய தொகையும் ஒன்றாகவே இருந்தன. பணம் அனுப்பினேன். அது வேறெவர் கணக்கிலோ போய்ச் சேர்ந்தது. திரும்பி வருவதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. அம்மாவின் வளையலை அடகு வைத்து, அபராதத்துடன் கட்டணம் கட்டினார்கள்.

பிழை எங்கே? 47 என்பதை 74 என எழுதிவிட்டேன். இலக்கங்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாதன்றோ?

கணிப்பொறிகள் செய்தி அனுப்பும்போதும் இத்தகைய சிக்கல் உண்டு. செய்தி 0, 1 என்னும் பிட்டுகளாகச் செல்கிறது. வழியில் மின் இரைச்சலால் 0 என்பது 1 ஆகலாம். 1 என்பது 0 ஆகலாம். இதைக் கண்டறியும் முறைகளுள் எளியது இரட்டைப்படைச் சோதனை. 1000001 என்பதில் இரண்டு 1கள் உள்ளன. எண்ணிக்கை இரட்டைப்படையாதலால் இறுதியில் 0 சேர்ப்பர். ஒற்றைப்படையாயின் 1 சேர்ப்பர். வழியில் ஒரு பிட் மாறினால், பெறுமிடத்தில் கணக்கு உதைக்கும். இரண்டு பிட்டுகள் மாறினாலோ பிழை தப்பிவிடும்.

இடமாற்றத்தைப் பிடிக்க வேண்டுமானால் ஒவ்வோர் இடத்துக்கும் தனி மதிப்புத் தரவேண்டும். 3472 என்பதன் இலக்கங்களை முறையே 1, 2, 3, 4 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 40 வரும். 3742 என்று மாறினால் 37. நூல்களுக்கு முன்பு தரப்பட்ட பத்திலக்க எண் இவ்வாறே, இறுதித் தொகை 11ஆல் வகுபடுமாறு அமைந்தது. 2007 முதல் வழங்கும் பதின்மூன்று இலக்க எண்ணில் 1, 3 என்னும் பெருக்கிகள் மாறிமாறி வருகின்றன. தொகை 10ஆல் வகுபட வேண்டும். இதில் 2, 7 போல ஐந்து வேறுபடும் அண்டை இலக்கங்கள் இடம் மாறினால் பிழை தெரியாது!

பிட்டுகள் கொத்தாகக் கெடும் இடங்களுக்கு ஏற்றது, சி.ஆர்.சி. எனப்படும் மீதிச் சோதனை. 1961இல் பீட்டர்சன், பிரவுன் இருவரும் இதை விளக்கி எழுதினர். செய்தியைப் பல்லுறுப்புக்கோவையாகக் கொண்டு, குறித்த மற்றொரு கோவையால் வகுத்து, மீதியையும் உடன் அனுப்புவர். ஈதர்நெட்டில் இம்மீதி 32 பிட்டுகள் கொண்டது. 32 பிட்டுகளுக்குள் அடங்கிய ஒரு தொடர்ச் சிதைவு இதற்குத் தப்பாது.

ஆகவே, நண்பர்களே, ஓர் எண் சோதனையில் தேறியது என்றால், அச்சோதனை தேடிய வகைப் பிழை அதில் இல்லை என்பதே பொருள். எவ்வகைப் பிழை நேரக்கூடும் என்று முதலில் அறிந்து, பிறகே முறையைத் தேர்தல் வேண்டும். காதால் கேட்டு எழுதுகையில் இலக்கங்கள் இடம் மாறுவது இயல்பு. நானோ கூட்டலை நம்பினேன்.

இப்போது நான் எழுதியதை அப்பாவுக்குத் திருப்பி வாசிக்கிறேன். அவர் தாளைப் பார்த்துக்கொண்டே “சரி” என்ற பிறகே பணம் போகிறது. அம்மாவின் வளையலை மீட்க மூன்று மாதம் ஆயிற்று.