ஏரியின் தண்மை

கோடை நண்பகலில் பெருநகரத் தெருவில் நடந்து செல்வோர், கட்டடங்களின் புறத்தே பொருத்தப்பட்டுள்ள குளிர்பதனப் பொறிகளிலிருந்து வெப்பக்காற்று வீசுவதை உணர்வர். உள்ளிருப்போர்க்கு இன்பம் தரும் பொறி, வெளியே நடப்போர்க்குத் துன்பம் தருகின்றது. ஏன் எனில், அப்பொறி குளிர்ச்சியைப் படைப்பதன்று. அறையிலுள்ள வெப்பத்தை வாரி வெளியே கொட்டுவதாகும். அதனை இயக்கும் மின்னாற்றலும் ஈற்றில் வெப்பமாகி அத்தெருவையே அடைகின்றது. எனவே, நகரம் குளிர விரும்புந்தோறும் மேலும் வெம்முகின்றது.

கனடா நாட்டின் பெருநகரமாகிய டொராண்டோவும் இவ்விடர்ப்பாட்டுக்கு ஆளாயிற்று. பனி பெய்யும் நாட்டிற்குக் குளிர்பதனம் எதற்கு என வியத்தல் வேண்டா. அங்குக் கோடையில் வெப்பம் 30 பாகையைக் கடக்கும் நாள்கள் பல. வானளாவிய கண்ணாடிக் கட்டடங்களினுள் விளக்குகளும், கணிப்பொறிகளும், ஆயிரக்கணக்கான மக்களும் சேர்ந்து மேலும் வெப்பத்தைப் பெருக்குவர். 2003ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14ஆம் நாள், அந்நகரம் உள்ளிட்ட பெரும்பரப்பில் மின்சாரம் அற்றுப்போயிற்று. ஏறத்தாழ 5 கோடி மக்கள் அதனால் அல்லலுற்றனர். மின்சாரம் ஒன்றையே நம்பி நிற்கும் நகர வாழ்வு எத்துணை மெல்லிய நூலில் தொங்குகின்றது என்பதை அந்நாள் காட்டிற்று.

அந்நகரத்தின் தெற்கே கடல்போல் பரந்து கிடப்பது ஒன்டாரியோ ஏரி. அதன் பரப்பு ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீட்டர். மிக ஆழ்ந்த இடத்தில் ஆழம் 244 மீட்டர். நம் மொழியில் ‘தண்ணீர்’ என்னும் சொல்லைப் பிரித்தால் தண்மை, நீர் என நிற்கும். சுடவைத்த நீரையும் ‘சுடுதண்ணீர்’ என்று கூறும் நாம், சொல்லின் பொருளை மறந்தோம் ஆயினும், அவ்வேரியின் அடிப்பகுதி அப்பெயருக்கு என்றும் உரியதாகவே இருந்து வருகின்றது.

அஃது எவ்வாறெனின், பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கி அடர்த்தி மிகும். நீரோ, 4 பாகை வெப்பநிலையில் மிக அடர்ந்து, அதற்கு மேலும் குளிர்ந்தால் மீண்டும் இலேசாகும். ஆதலின், மாரிக்காலத்தில் குளிர்ந்த மேல்நீர் 4 பாகையை எய்தும் வரை கனத்துக் கீழே இறங்குகின்றது. அதனினும் குளிர்ந்தது மேலேயே தங்குகின்றது. கோடையில் கதிரவன் காய்ச்சும் நீர் இலேசாகையால் மேலே மிதக்கின்றது. அடிநீரை அவ்வெப்பம் எளிதில் சென்று தீண்டுவதில்லை. இவ்வாறு, ஒவ்வொரு மாரியும் வந்து நிரப்பிச் செல்லும் குளிர்ச்சிக் களஞ்சியமாக ஏரியின் அடி விளங்குகின்றது. ஆழமற்ற ஏரிகளுக்கு இப்பேறு இல்லை.

இக்களஞ்சியத்தைத் திறக்கும் பணி 2004ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவுக்கு மூன்று பெருங்குழாய்கள் இடப்பட்டு, 83 மீட்டர் ஆழத்தில் உள்ள நீர் கொணரப்படுகின்றது. தூய்மை செய்யப்பட்ட அந்நீர், வெப்பமாற்றி எனப்படும் கருவியை அடைகின்றது. அங்கு மெல்லிய உலோகத் தகடுகளின் ஒருபுறம் ஏரிநீரும், மறுபுறம் கட்டடங்களைச் சுற்றி வந்த வேறு நீரும் ஓடும். இரண்டும் கலப்பதில்லை, வெப்பம் மட்டும் தகட்டைக் கடந்து செல்லும். குளிர்ந்து திரும்பிய நீர் நிலத்தடிக் குழாய்களின் வழியே கட்டடந்தோறும் சென்று, மீண்டும் சுற்றிவரும். நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குப் பொதுவாக ஒரே ஏற்பாடு அமைந்தமையால், ஒவ்வொன்றும் தனித்தனியே பெரும்பொறி வைக்கும் தேவை குறைந்தது. இதனால் 61 மெகாவாட் அளவு மின்தேவை தவிர்க்கப்படுவதாகக் கூறுவர்.

வெப்பத்தை ஏற்ற ஏரிநீர் என்னாகும்? அதுவே நகர மக்களின் குடிநீராகின்றது! எவ்வாறாயினும் குடிப்பதற்கென எடுக்கவேண்டிய நீரையே முதலில் குளிர்ச்சிக்கும் பயன்படுத்திக் கொண்டனர். ஒரு நீரை இருமுறை பயன்கொண்ட இச்செட்டினையே யான் பெரிதும் பாராட்டுவேன். ஆழத்து நீரைக் கொணர்வது எந்த ஏரிக்கரை நகரும் எண்ணக்கூடிய ஒன்றுதான்.

ஏனெனில், நீரை ஏரிக்கே திருப்பிவிடுமிடத்து வேறொரு கேள்வி எழுகின்றது. அமெரிக்க நாட்டில் கார்னெல் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு முதல் கயூகா ஏரியின் அடிநீரால் தன் கட்டடங்களைக் குளிர்விக்கின்றது. அதற்கு ஆகும் மின்னாற்றல் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. எனினும், வெப்பம் ஏறிய நீர் ஏரியின் ஆழமற்ற தென்பகுதியில் விடப்படுகின்றது. அடிநீரில் உள்ள பாஸ்பரசு மேற்பரப்புக்கு வந்தால் பாசி செழிக்குமோ என அவ்வூரார் சிலர் அஞ்சினர். ஏரியை ஆய்ந்து கண்காணிக்கும் பணி அதனால் எழுந்தது. அவ்வச்சத்தை வீண் என்று ஒதுக்குதல் முறையன்று.

டொராண்டோவுக்கு வேறுவகை எல்லை உண்டு. மக்கள் குடிக்கவும் புழங்கவும் எத்துணை நீர் வேண்டுமோ, அத்துணை நீரே வெப்பமாற்றியைக் கடந்து செல்லும். நகரின் நீர்த்தேவைக்கு மிஞ்சிய குளிர்ச்சியை இவ்வழியில் பெறல் இயலாது. கட்டடங்கள் பெருகியபோது, பொறிகளும் அவ்வேற்பாட்டுக்குத் துணை நிற்கவேண்டியவாயின.