முகம் தெரியாத படத்தில் ஆள் தெரிவாரா?



‘எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்’, ‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ – இதையெல்லாம் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஹால் டிக்கெட்டா, பஸ் பாஸா, ஐ.டி. கார்டா? எதற்கும் முகம் தெரிகிற போட்டோ வேணும். “தம்பி, முடியத் தள்ளிக்கோ, காது தெரியணும்” என்று ஸ்டுடியோக்காரர் சொன்னதும் நேராக நிமிர்ந்து உட்காருகிறோம். அதனால் உருவப்படம் என்றாலே முகப்படம்தான் என்று முடிவு கட்டிவிட்டோம். அது சரிதானா? என் வீட்டில் நடந்த ஒரு சம்பவம் என்னை இந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது.

அப்பாயியின் படம்

பெரம்பலூர் பக்கம் எங்கள் ஊர். சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம்தான் பிழைப்பு. போன வருஷம் எங்கள் அப்பாயி காலமானது. கருமாதிக்கு மாலை போடப் படம் தேடினோம். ஆதார் கார்டில் இருந்ததைத் தவிர முகம் தெரிகிற படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. போனைத் தூக்கினாலே, “எனக்கெதுக்குடா போட்டோ?” என்று முந்தானையால் மூடிக்கொள்ளும் ஆள் அது.

ஆதார் படத்தையே அரியலூரில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசு பண்ணினோம். முகச் சுருக்கம் எல்லாம் மறைந்து, பட்டுப்புடவை கட்டி, கழுத்தில் ஒரு செயினோடு படம் வந்தது. கருமாதிக்கு வந்த அத்தை அதைப் பார்த்துவிட்டு, “இது யாருடா?” என்று கேட்டது.

என் செல்போனில் இன்னொரு படம் இருந்தது. வெங்காயக் கொல்லையில் அப்பாயி முதுகைக் காட்டிக் குந்தி, களை எடுத்துக்கொண்டிருக்கும். இடது கை முழங்காலில் ஊன்றியிருக்கும். முகம் துளிகூடத் தெரியாது. அதைப் பார்த்த அத்தை, “எங்கம்மா இப்படித்தான் குந்தும்” என்று சொல்லி அழுதுவிட்டது.

முகம் இருந்த படத்தில் ஆள் இல்லை. முகம் இல்லாத படத்தில் ஆள் இருந்தது!

டிராயிங் வகுப்பில் படித்ததுதான்

இது ஒன்றும் மாயம் இல்லை நண்பர்களே. முதலாண்டு இன்ஜினியரிங் டிராயிங்கை நினைத்துப் பாருங்கள். எலிவேஷன், பிளான், சைடு வியூ என்று மூன்று தோற்றம் வரைகிறோம். எந்தப் பக்கத்தை எலிவேஷனாக எடுப்பது? பொருளைப் பற்றி அதிகமான விவரம் சொல்லும் பக்கத்தை எடுக்கிறோம். கார் வரையும்போது ஹெட்லைட் இருக்கும் பக்கத்தையா எடுப்போம்? பக்கவாட்டைத்தானே எடுக்கிறோம்!

மனிதருக்கும் இதே கணக்குதான். பலருக்கு அதிக விவரம் சொல்லும் பக்கம் முகம். சிலருக்கு அது கையாக இருக்கலாம். எங்கள் அப்பாயிக்கு முதுகு.

அடையாளப் படம் வேறு, உருவப்படம் வேறு

அப்படியானால் அரசாங்கம் ஏன் முகத்தையே கேட்கிறது? அதற்குக் காரணம் இருக்கிறது. பாரிஸ் போலீஸில் வேலை பார்த்த அல்போன்ஸ் பெர்டிலான் என்பவர் 1880-களில் குற்றவாளிகளைப் படம் எடுக்க ஒரே மாதிரியான முறையை வகுத்தார். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒரே வெளிச்சம், ஒரே தூரம். ஒரு படத்தை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நோக்கம். நம் ஐ.டி. கார்டு போட்டோவின் வேலையும் அதுதான்: ‘இந்த ஆள்தானா?’ என்று சரிபார்ப்பது. அந்த வேலைக்கும் முகம் மட்டும் போதவில்லை என்றுதான் ஆதாரில் பத்து விரல் ரேகையையும் இரண்டு கருவிழியையும் சேர்த்துப் பதிகிறார்கள்.

உருவப்படம் கேட்கும் கேள்வியே வேறு: ‘இவர் எப்படிப்பட்டவர்?’

செய்து காட்டியவர்கள்

அமெரிக்காவின் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ், ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃபை 1917 முதல் 1937 வரை முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவற்றில் பலவற்றில் கைகள் மட்டும்தான். எல்லாம் சேர்ந்துதான் ஒரே உருவப்படம் என்பது அவர் எண்ணம். லீ ஃப்ரீட்லாண்டர் தன்னையே எடுத்துக்கொண்ட படங்களை 1970-ல் புத்தகமாக்கினார். அதில் பல படங்களில் அவருடைய நிழல் மட்டுமே விழுந்திருக்கும்.

நம் நாட்டில் கௌரி கில், மகாராஷ்டிரத்தின் ஜவ்ஹார் பகுதிப் பழங்குடி மக்களோடு 2015-ல் ஒரு படவரிசையைத் தொடங்கினார். அவ்வூர்க் கலைஞர்கள் காகிதக் கூழால் முகமூடி செய்ய, அதைப் போட்டுக்கொண்டு மக்கள் தங்கள் அன்றாட வேலைகளை நடித்துக் காட்டினார்கள். முகம் மூடியிருந்தும் நிற்பதிலும் உட்காருவதிலும் ஆள் தெரிகிறார்.

கேமரா வருவதற்கு வெகு காலம் முன்பே இந்த யோசனை இருந்திருக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் அமராவதிச் சிற்பங்களைப் பாருங்கள். பழைய சிற்பங்களில் புத்தரின் உருவமே இருக்காது. பாதச் சுவடு, காலியான ஆசனம், சக்கரம் இவைதான் இருக்கும். வணங்கியவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

காட்டவே கூடாத முகமும் உண்டு

2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை, வழக்கில் சிக்கிய சிறார் ஆகியோரின் படத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. அங்கே கையையோ நிழலையோ வைத்துத்தான் கதை சொல்ல வேண்டும். முகத்தை மறைப்பது அங்கே ஒரு மரியாதை.

ஒரு எச்சரிக்கை

ஆனால் முதுகைப் படம் எடுத்தால் போதும், கலை வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சுண்ணாம்புக்கல் லாரியில் ஏறி நிற்கும் ஒருவரைப் பின்னாலிருந்து எடுத்து ‘உழைக்கும் கரங்கள்’ என்று தலைப்புப் போடுகிறோம். அவர் பேர் என்னவென்று கேட்டோமா? முகமும் இல்லை, பேரும் இல்லை என்றால் அங்கே ஆளே இல்லை. அது வெறும் பொம்மை.

அதனால் நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். படத்தை அவரை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பேரைச் சொல்லாமலே “அட, நம்ம அண்ணன்!” என்று சொன்னால் அது உருவப்படம். “யாரோ வேலை செய்யுறாங்க” என்றால் அது வேலையின் படம், அவ்வளவுதான். இன்னொன்று, எடுத்தவருக்கு அந்தப் படத்தைக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். நான் அப்பாயியிடம் காட்டவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னமும் இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த முதுகுப் படம்தான் மாட்டியிருக்கிறது. ஸ்டுடியோ படம் பீரோவுக்குள் இருக்கிறது. அப்பா மட்டும் அமாவாசைக்கு அமாவாசை, “விளக்கேத்திக் கும்பிட முகம் வேணாமாடா?” என்று கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நண்பர்களே, இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களைப் படம் எடுங்கள். கேட்டுவிட்டு, முகம் தெரிய ஒன்று எடுங்கள். அவர்கள் வேலையில் இருக்கும்போது, அவர்களாகவே இருக்கும் பக்கத்திலிருந்து இன்னொன்று. இரண்டையும் அவர்களிடமே காட்டுங்கள். எலிவேஷன் எது என்று அவர்களே சொல்லட்டும்!

– இரண்டாமாண்டு, மெக்கானிக்கல் பிரிவு