ஆற்றின் நிலையும் தூண்டிலின் நிறமும்

வட அமெரிக்காவின் மேற்குக் கரை ஆறுகளிற் பிறந்து, பசிபிக் பெருங்கடலில் வளர்ந்து, முட்டையிடுதற்பொருட்டுப் பிறந்த ஆற்றிற்கே மீளும் மீன் ஒன்று உண்டு. அதற்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர்.

அதனைப் பிடிப்போர் கையாளும் கருவிகளுள் ஒன்று ஜிக். ஈயக்குண்டு பொருத்திய தூண்டில்முள்ளில் வண்ண இறகுகளைக் கட்டி இதனைச் செய்வர். மிதவையின் கீழே தொங்கவிட்டு நீரோட்டத்தில் மிதந்து செல்லவிடுவர்.

‘எந்த நிறம் சிறந்தது?’ என்று புதியவர் வினவுவர். பழகியவரோ முதலில் ஆற்றை நோக்குவர். மழைக்குப்பின் நீர் கலங்கினால் மீனுக்குச் சிறிது தொலைவே கண் தெரியும். அப்பொழுது செம்மஞ்சள், அடர்ந்த இளஞ்சிவப்பு முதலிய பளிச்சிடும் நிறமுடைய பெரிய ஜிக் ஏற்றது. நீர் தெளிந்து வெயில் எறிக்கும்பொழுது மீன் எளிதில் மிரளும். ஆதலின் கறுப்பு, ஊதா, வெளிர் இளஞ்சிவப்பு போன்ற அடங்கிய நிறமுடைய சிறிய ஜிக்கைக் கொள்வர். மங்கிய ஒளியிலும் கறுப்பு பயன்படும். கீழிருந்து நோக்கும் மீனுக்கு, வானொளியின் எதிரே அதன் உருவம் தெளிவாகத் தோன்றும்.

மீன் அகப்பட்டபின்னும் நோக்கவேண்டியது ஒன்று உண்டு. இம்மீனினத்தின் பல கூட்டங்கள் குறைந்துவிட்டமையால், 1997 முதல் அமெரிக்க அரசு அவற்றைப் பாதுகாப்புப் பட்டியலிற் சேர்த்து வருகிறது. பண்ணைக் குஞ்சுகளை ஆற்றில் விடுமுன், வாலருகே முதுகிலுள்ள சிறு கொழுப்புத்துடுப்பைப் பொதுவாக நறுக்கிவிடுவர். அத்துடுப்பு குறையாதிருக்கும் மீனை, வாஷிங்டன் மாநிலத்து ஆறுகள் பலவற்றில் மீண்டும் நீரிலேயே விட்டுவிடவேண்டும் என்பது விதி. நீரின் நிறத்தை ஆராய்ந்து மீனைப் பிடித்தவர், துடுப்பைக் கண்டதும் அதனை விடுகின்றனர். அம்மீன் முட்டையிட்டால்தான் ஆற்றில் மீன் நிலைக்கும்.