டிரைசூட்டுக்குள்ள பாயில் விதி

ஐஸ்லாந்துல சில்ஃப்ரானு ஒரு நிலப்பிளவு. அதுல நிறைஞ்சிருக்கிற தண்ணீர் வருஷம் பூரா 2 முதல் 4 டிகிரிதான். அங்க ஸ்கூபா போறவங்க டிரைசூட்தான் போடணும். வெட்சூட்ல தண்ணீர் உள்ளே புகும். இதுல கழுத்து, மணிக்கட்டு சீல் அதைத் தடுத்துடும். உள்ளே இருக்கிற காற்றும் கனமான துணியும்தான் உங்களுக்குக் கதகதப்பு.

சிக்கலும் அந்தக் காற்றுதான். பாயில் விதி ஞாபகம் இருக்கா? 10 மீட்டர் இறங்கினா அழுத்தம் இரட்டிப்பு, காற்றின் கனஅளவு பாதி. சூட் உடம்பை இறுக்கும். சிலிண்டர்ல இருந்து காற்று விடணும். மேலே வரும்போது அதே காற்று விரியும். வெளியேத்தலைன்னா உங்களை வேகமா மேலே தூக்கிடும், நுரையீரலுக்கே ஆபத்து. காற்று காலுக்குப் போயிட்டா இன்னும் மோசம்: தலைகீழா மிதப்பீங்க, மேல்கையில இருக்கிற வால்வு வழியா காற்று வெளியேறாது. தனிப் பயிற்சி கேக்கறது சும்மா இல்ல.

விலையும் ஜாஸ்தி. சீல் கிழிஞ்சா, அந்த 2 டிகிரி தண்ணீர் நேரா உள்ளே.