கைவேலைக்குத் தனி விலை

அன்புள்ள கயல்,

உன் கேள்விக்கு நேராகவே வருகிறேன். ஊர்க் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நாலு கிட்டாரை வாசித்துப் பார்த்துவிட்டு, அறைக்கு வந்து அதே மாடலை இணையத்தில் நாற்பது டாலர் குறைவாக வாங்கியது தப்பா என்று கேட்டிருக்கிறாய். தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படிக்கிற பிள்ளைக்கு நாற்பது டாலர் பெரிய காசு. ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று யோசித்தாயா? அமெரிக்காவில் வாத்தியக் கடைகள் ஒவ்வொன்றாக மூடிய கதையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இந்தக் கேள்விதான் இருக்கிறது.

அடுத்த முறை நியூயார்க்குக்கு ரயிலேறினால் மேற்கு 48ஆம் தெருவில், ஆறாவது ஏழாவது அவென்யூக்களுக்கு நடுவே நடந்து பார். இப்போது பார்க்க அங்கே ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் அந்தத் துண்டுக்கு ‘மியூசிக் ரோ’ என்றே பெயர். பிராட்வே நாடகக் கொட்டகைகள் பக்கத்திலேயே இருந்ததால், தந்தி அறுந்தவரும் ரீடு உடைந்தவரும் சாயங்கால ஆட்டத்துக்குள் ஓடி வந்து வாங்கிப் போகத் தோதான இடம். மேனி கோல்ட்ரிச் 1935இல் தொடங்கிய ‘மேனிஸ்’ கடையின் சுவர் முழுக்க வாடிக்கையாளர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படங்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அந்தக் கடைக்கு வாடிக்கை. ஒரு கடையில் விலை கேட்டு, அதை அடுத்த கடையில் சொல்லிக் குறைப்பதுதான் அந்தத் தெருவின் வழக்கம். பொருளின் மேல் போட்டிருக்கும் விலையைக் கொடுத்துவிட்டு வந்தவனைப் பார்த்துச் சிரிப்பார்களாம்.

அதே தெருவில் பெரிய கடையாக நின்ற சாம் ஆஷ், 1924இல் புரூக்ளினில் பிறந்தது. வயலின் வாசித்துப் பிழைத்த சாம், மனைவி ரோஸின் நிச்சயதார்த்த மோதிரத்தை அடகு வைத்து முன்பணம் கட்டினார் என்பது அந்தக் குடும்பம் சொல்லிவந்த கதை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நடத்தி, பல மாநிலங்களுக்குப் பரவி, 1999இல் மேனிஸையே விலைக்கு வாங்கினார்கள். மேனிஸ் 2009இல் மூடியது. சாம் ஆஷ் 2024இல், சரியாக நூறாவது வருஷத்தில், மீதமிருந்த நாற்பத்துச் சொச்சம் கடைகளையும் மூடுவதாக அறிவித்துத் திவாலானது.

ஏன் என்று கேட்டால் எல்லாரும் சட்டென்று ‘அமேசான்’ என்பார்கள். கணக்கு அதைவிடப் பழசு. அமெரிக்காவில் விற்பனை வரியைக் கடைக்காரர் வசூலித்து மாநிலத்துக்குக் கட்ட வேண்டும். ஆனால் ஒரு மாநிலத்தில் கடையோ ஆளோ இல்லாதவர், அங்கே அஞ்சலில் விற்றால் வசூலிக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. 1992இல் குவில் வழக்கில் அதை உறுதிப்படுத்தியது. (குவில் விற்றது கிட்டார் அல்ல, அலுவலக எழுதுபொருள். பிறர் வழக்கு நம் தலையில் விடிவது புதிதில்லை.) சட்டப்படி வாங்குகிறவர் தானாகவே அந்த வரியைக் கட்ட வேண்டும், யார் கட்டினார்கள்? நியூயார்க் நகரத்தில் இன்றைய வரி 8.875 சதவீதம். ஆயிரம் டாலர் கிட்டாருக்கு 88 டாலர் 75 சென்ட். இத்தனைக்கும் இன்ன விலைக்குக் கீழே விளம்பரம் செய்யக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் எல்லாருக்கும் ஒரே வரம்பு வைத்திருப்பார்கள். விலைப்பட்டியலில் ஊர்க்கடைக்காரரும் வெளி மாநிலத்திலிருந்து அஞ்சலிலோ இணையத்திலோ விற்றவரும் சமம்; கல்லாவில் மட்டும் ஊர்க்கடைக்காரர் எண்பது தொண்ணூறு டாலர் அதிகம் கேட்கிறவராகத் தெரிந்தார். 2018இல் வேஃபேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றியபோது, பல கடைகளுக்குக் கேட்டு மகிழ ஆயுள் இல்லை.

இன்னொன்று சரக்குக் கட்டாயம். பேர்பெற்ற கம்பெனியின் கிட்டாரை விற்க வேண்டும் என்றால், வருஷத்துக்கு இவ்வளவு எடுத்தாக வேண்டும், இன்னின்ன மாடல்களை மாட்டி வைத்தாக வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். முந்நூறு கிளை வைத்திருக்கிறவருக்கு அது பொருட்டில்லை. ஒற்றைக் கடைக்காரருக்கோ, விற்காத மாடலில் முதல் தேங்கிவிடும். எடுக்க முடியாது என்றால் அந்தப் பெயரே கடையை விட்டுப் போய்விடும். அந்தப் பெயரைத் தேடி வருகிற பிள்ளைகளும் போய்விடுவார்கள். இதோடு 48ஆம் தெரு இருக்கும் மன்ஹாட்டனின் நில மதிப்பு வேறு; அதைப் பற்றி நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

சரி, சின்னதைப் பெரியது விழுங்கியது, பெரியது நன்றாக இருக்கிறதா? கிட்டார் சென்டரைப் பார். 1959இல் ஹாலிவுட்டில் வீட்டு ஆர்கன் விற்ற ஒற்றைக் கடை அது. பீட்டில்ஸ் அலையில் கிட்டாருக்கு மாறியது, கிளை விட்டது, 1997இல் பங்குச் சந்தைக்கு வந்தது, 1999இல் அஞ்சல் வழியிலும் இணையத்திலும் விற்றுவந்த மியூசிஷியன்ஸ் ஃபிரண்டை வாங்கியது. ஆக, சங்கிலிக் கடையும் இணையக் கடையும் ஒரே கை. 2007இல் பெய்ன் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம் அதை ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு, பெரும்பாலும் கடன் வாங்கி, வாங்கியது. அந்தக் கடன் பெய்ன் தலையில் ஏறவில்லை. கடையின் தலையிலேயே ஏறியது. கிட்டார் விற்ற லாபம் வட்டிக்குப் போனது. 2020 நவம்பரில் திவால் மனு. கடன்காரர்களோடு பேசித் தீர்த்துக்கொண்டு மறு மாதமே வெளியே வந்துவிட்டார்கள் என்பது வேறு. வட்டி கட்டுகிற நிறுவனம் முதலில் எதில் கை வைக்கும்? விஷயம் தெரிந்த ஆள் சம்பளத்தில்தான்.

அந்த ஆள் செய்கிற வேலை எது என்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். எஃப் கார்டு வரவே மாட்டேன் என்கிறது, விரல் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். உன் கிட்டாரின் கழுத்து தலையோடு சேருகிற இடத்தில், ஆறு தந்தியும் பள்ளத்தில் உட்காரும் சின்னப் பட்டை இருக்கிறதே, அதை நட் என்பார்கள். அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் அதிகம் வெட்டிவிட்டால் தந்தி, கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட் கம்பியில் மோதிக் கரகரக்கும். பட்டையையே மாற்ற வேண்டிவரும். அதனால் மலிவு விலைக் கிட்டாரில் பெரும்பாலும் உயரமாகவே விட்டுவிடுவார்கள். உயரமாக நிற்கும் தந்தியை முதல் ஃபிரெட்டில் அழுத்த அதிக பலம் வேண்டும். ஒரு சோதனை செய்: எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கேப்போவை முதல் ஃபிரெட்டில் மாட்டிவிட்டு, அதே எஃப் வடிவத்தை ஒரு கட்டம் தள்ளிப் பிடி. சட்டென்று சுலபமாகிவிட்டால் குற்றம் உன் விரலில் இல்லை, நட்டில்.

கடை மேஜையில் இதைச் சரிசெய்கிறவர் தந்தியைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, அதன் தடிமனுக்கேற்ற அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுப்பார். தந்தியைத் திரும்ப ஏற்றிச் சுருதி சேர்ப்பார். மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று குனிந்து பார்ப்பார். மயிரிழை அளவு வரும்வரை இப்படியே, ஆறு தந்திக்கும். அதோடு கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஆலன் கீயால் கால் சுற்று முடுக்கி வளைவைச் சீர்செய்வார். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் மரம் சுருங்கி, சுருங்காத ஃபிரெட் கம்பியின் நுனிகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும், அவற்றையும் ராவிவிடுவார். செட்டப் என்று பெயர். ஊர்க்கடைகள் பல இந்த வேலையைப் புதுக் கிட்டாரோடு சும்மா செய்து கொடுத்தன. சும்மா என்றால் கிட்டாரின் விலைக்குள் அது அடங்கியிருந்தது. இணையம் பொருளுக்கு மட்டும் விலை போட்டபோது, வேலையையும் சேர்த்து விலை வைத்தவர் கொள்ளையடிப்பவராகத் தெரிந்தார். என் கணிப்பில், அந்தக் கடைகள் பாதி வீழ்ந்தது இந்தப் பழக்கத்தால். தங்கள் கைவேலையை இனாமென்று தாங்களே சொல்லிச் சொல்லி, வாங்குகிறவரையும் அப்படி நம்ப வைத்துவிட்டார்கள்.

இதற்கு நல்ல சாட்சி, இணையத்திலேயே ஜெயித்த ஸ்வீட்வாட்டர். இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேனில் 1979இல் சக் சுராக் ஒரு வோக்ஸ்வேகன் வண்டிக்குள் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கிய தொழில் அது. இன்று அங்கே வாங்கினால் உனக்கென்று ஒரு விற்பனை ஆள் ஃபோனில் கூப்பிட்டு ‘எப்படி இருக்கிறது’ என்று விசாரிப்பார். கிட்டார்களை 55 இடங்களில் சோதித்து அனுப்புவதாகச் சொல்வார்கள். ஊர்க் கடைக்காரரின் வேலையைத்தான் தூரத்தில் இருந்து செய்கிறார்கள். தப்பிப் பிழைத்த சின்னக் கடைகளும் வேலையை விற்கிறவைதான்: பள்ளி பேண்டு பிள்ளைகளுக்குக் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் மாத வாடகைக்கு விடுவது, பழுது பார்ப்பது, பின்னறையில் பாடம் நடத்துவது. வாசலில் தொங்கும் கிட்டார் அங்கே ஏறக்குறைய அலங்காரம்.

உன் தம்பியின் மிருதங்கத்தைப் பார்த்தே இதைப் புரிந்துகொள்ளலாம். வலந்தலையின் நடுவே அப்பியிருக்கும் கரும்பூச்சான சாதம் உதிர்ந்தால் அது பேசாது. செய்தவரிடமோ அவரைப் போன்ற ஒருவரிடமோதான் போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் வேலைக்குக் கூலி உண்டு. அந்தக் கூலி நியாயமானதா என்பது வேறு பெரிய வழக்கு, மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதி 2020இல் வெளிவந்த ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ புத்தகத்தைக் கிடைத்தால் படி. ஆனால் அங்கே வேலை இனாம் என்று யாரும் நினைப்பதில்லை.

நீ இப்போது செய்ய வேண்டியது: நீ வாசித்துப் பார்த்த அதே கடைக்கு உன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போ. இணையத்தில் வாங்கியதை மறைக்காதே, அவர்களுக்குப் பார்த்தவுடனே தெரியும். செட்டப்புக்கு எவ்வளவு என்று கேள். ஊருக்கு ஊர் மாறும், நீ மிச்சம் பிடித்த நாற்பதைவிட அதிகமாகத்தான் இருக்கும். பேரம் பேசாதே. நீ மெதுவாகப் பிடிக்கிறாயா, ஓங்கி மீட்டுகிறாயா என்பதைச் சொல், தந்தியின் உயரத்தை அதற்கேற்ப வைப்பார்கள். அனுமதித்தால் பக்கத்தில் நின்று பார். திரும்ப வாங்கும்போது அங்கேயே எஃப் பிடித்துப் பார். ஏதாவது தந்தி கரகரத்தால் அப்போதே சொல், வீட்டுக்கு வந்து எனக்கு எழுதாதே.

அன்புடன்,
மாமா