விமானம் எழும்பும் வேளை

நிலத்தில் ஓடும் வண்டிக்கு இடையூறு நேரின் அதனை நிறுத்திவிடலாம். ஆகாய விமானத்தை அவ்வாறு நிறுத்தலாகாது. உயரத்திற் பறக்கையில் இயந்திரம் பழுதுற்றாலும், இறங்குமிடம் தேடச் சில நிமிஷங்களேனும் கிட்டும். தரையைவிட்டு எழும்பும் வேளையிலோ வேகமும் குறைவு, உயரமும் குறைவு, பிழையைத் திருத்த அவகாசமும் இல்லை. ஆதலின் அவ்வேளையின் இயல்பை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

விமானத்தைத் தாங்குவது அதன் இறக்கைகளைத் தழுவி ஓடும் காற்றே. விமானி மூக்கை அளவுக்கு மிஞ்சி உயர்த்துவானாயின், காற்று இறக்கையின் மேற்புறத்தை விட்டுப் பிரியும்; தூக்கும் விசை சடுதியிற் குன்ற, விமானம் வீழும். பாரம் மிகுந்த காலத்தும், ஒருபுறம் சாய்ந்து திரும்புங் காலத்தும் இவ்வபாயம் விரைவில் நேரும். எதிர்க்காற்று திடீரென ஓயினும் இறக்கைமேல் ஓடும் வேகம் உடனே குறையும். மேட்டுநிலங்களிலோ காற்று இலேசானது. அங்கே இயந்திரத்தின் வலிமையும், மேலேறும் ஆற்றலும் குன்றும்.

இவையனைத்தும் ஒருங்கே கூடிய நிகழ்ச்சியொன்றை நோக்குவோம். ஜெசிகா டுப்ராஃப் என்னும் ஏழு வயதுச் சிறுமி, ஐக்கிய அமெரிக்க நாட்டை விமானத்திற் குறுக்கே கடக்கும் நோக்குடன், 1996-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி கலிபோர்னியாவிலிருந்து புறப்பட்டாள். தந்தையும், விமானம் ஓட்டக் கற்பித்த ஆசிரியரும் உடன் சென்றனர். அன்றிரவு வயோமிங் மாகாணத்துச் செயென் நகரில் தங்கினர். அவ்விமான நிலையம் கடல்மட்டத்திற்கு மேல் 6,000 அடிக்கும் அதிகமான உயரத்திலுள்ளது.

மறுநாட் காலை இடியும் மழையும் நெருங்கின. காற்றும் நிலையின்றி வீசிற்று. ஒற்றை இயந்திரமுடைய அச் செஸ்னா விமானத்தில், விதித்த எடையினும் 96 பவுண்டு பாரம் மிகுந்திருந்தது. எனினும் அவர்கள் காத்திராது கிளம்பினர். சற்று நேரத்திற்குள் விமானம் நிலைகுலைந்து வீழ்ந்தது. மூவரும் மாண்டனர்.

விசாரணை செய்த அரசாங்கக் குழுவினர், அவ்வானிலையில் எழும்பத் துணிந்த ஆசிரியரது முடிவே முதற் காரணமென்றனர். பத்திரிகையாளர்க்கும் பிறர்க்கும் அளித்த வாக்கை ஒட்டி, பிரயாணத் திட்டத்தைக் குறித்தபடி முடிக்க விழைந்ததும் துணைக்காரணமெனக் கண்டனர். உரிமைச்சீட்டுப் பெறாதார் சாதனைப் பிரயாணங்களில் விமானத்தைச் செலுத்தலாகாதென்று அவ்வாண்டே சட்டமும் பிறந்தது.

காற்றின் விதிகள் அவ்வாசிரியர் அறியாதவையல்ல. அவர் தேர்ந்த விமானியே. அறிந்ததை அவசரம் மறைத்தது. ஒரு மணி நேரம் தாமதித்திருப்பின் இழப்பது சிறிது புகழே. பதறாத காரியம் சிதறாது என்பர் நம் முன்னோர். புறப்படத் துணிவு வேண்டும். பலரும் நோக்கி நிற்கையில், "இன்று வேண்டாம்" எனச் சொல்ல அதனினும் பெருந்துணிவு வேண்டும். இளைஞரை நடத்தும் பொறுப்புடைய நாம் அச்சொல்லைச் சொல்லக் கூசாதிருப்போமாக.