சீட்டு விலைக்கு மேல் கேட்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன் புது கார் வாங்கப் போனான். கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைக்கு மேல் 5,000 டாலர் கேட்கிறார்களாம். இது சட்டப்படி சரியா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சட்டப்படி தப்பில்லை, நியாயமா என்றால், இல்லை என்பேன். செனட்டர் மைக் மன்ரோனி முன்னின்று கொண்டுவந்த 1958-ம் ஆண்டுச் சட்டத்தால்தான் அங்கே புது கார்களில் அந்த விலைச்சீட்டு ஒட்டப்படுகிறது. ஆனால் அதில் இருப்பது தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலை மட்டுமே. நம் கடைப் பொருள்களில் அச்சிடும் எம்.ஆர்.பி. போல அது உச்சவரம்பு அல்ல. டீலர்கள் தனி முதலாளிகள். விற்கும் விலையை அவர்களே வைத்துக்கொள்ளலாம். 2021-ல் சிப் தட்டுப்பாட்டால் வண்டி வரத்துக் குறைந்தபோது, 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்' என்று கூடுதல் தொகையைக் காட்டும் இன்னொரு சீட்டு பக்கத்திலேயே முளைத்தது. 2022-ல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் டீலர்களை எச்சரித்தும் பழக்கம் ஒழியவில்லை.

மகன் அவசரப்பட வேண்டாம். பக்கத்து மாநிலம் உட்பட நாலைந்து டீலர்களிடம், வரியும் கட்டணங்களும் சேர்ந்த மொத்த விலையை மின்னஞ்சலில் கேட்கட்டும். முன்பதிவு செய்தால் விலையை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். கடனில் வாங்குவதானால் இன்னும் கவனம் தேவை: விபத்தில் வண்டி முற்றிலும் நொறுங்கினால் காப்பீட்டு நிறுவனம் பொதுவாகச் சந்தை மதிப்பைத்தான் தரும், மேலே கொடுத்த தொகை கடனில் அப்படியே நிற்கும்.